அதுக்கு மேல கடல்

அந்தச் சாண்ட்விச்சைச் சாப்பிடாதீங்க சார். உங்களத்தான். தமிழ்தானே? போன்ல பேசுனீங்களே, காதுல விழுந்துச்சு. அதக் கீழ வைங்க மொதல்ல. அந்தக் கடைப் பிள்ளை கையில உறையை மாட்டிக்கிட்டு ரொட்டியை எடுத்துச்சு. அதே கையால காசு வாங்குச்சு. அதே கையால மூக்கை இப்படி ஒரு தேய் தேய்ச்சுட்டு அடுத்த ரொட்டியை எடுத்துச்சு. நான் இங்க வந்து உக்காந்ததுலருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். உறை எதுக்கு மாட்டுறோம்? நம்ம கை அழுக்காயிரக் கூடாதுன்னா? உவ்வே.

குடுங்க, குப்பைத் தொட்டி அந்தா இருக்கு, நானே போட்டுட்டு வர்றேன்.

போட்டாச்சு. காசு போனாப் போவுது, வயிறு நம்ம வயிறுல்ல. அந்தக் காப்பியையும் தள்ளி வைங்க. கப்பை எங்க கமுத்தி வச்சிருந்தான்னு பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. யாரும் பாக்குறதில்ல. பாக்குறவன் கெட்டவனாயிடுறான்.

என் பேரு தனுஷ்கோடி. சாத்தூர்ப் பக்கம். நகராட்சியில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். நீங்க எங்க பறக்குறீங்க, டொரண்டோவா? அதெல்லாம் பக்கத்து ஊரு சார். நான் லிமா போறேன். லிமா. பெரு நாடு. தென் அமெரிக்கா. நீங்களே முழிக்கிறீங்க பாருங்க. டிராவல்ஸ்காரன் என்னையக் கேட்டான், "அப்படி ஒரு ஊருக்கு எங்கிட்ட டிக்கெட்டே யாரும் கேட்டதில்லியே சார், என்ன விஷயமா போறீங்க?"ன்னான். என் மகளைக் கூட்டியாரப் போறேன்னேன். மகளையும் பொண்டாட்டியையும்.

பிரௌசிங் சென்டர்ல ஒரு பொண்ணு இருக்கு, அதுகிட்டச் சொல்லி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொன்னேன். இந்த ஏர்போர்ட்டுலருந்து அந்த ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரம், எத்தன மணி நேரம்னு காட்டுற ஒரு பக்கம் இருக்கு சார். மதுரை, லிமா. பதினேழாயிரம் கிலோமீட்டருக்கு மேல காட்டுது. பறக்குற நேரம் இருபத்தோரு மணி நேரமாம். பித்தலாட்டம். நேரா பறந்தா இருபத்தோரு மணி நேரம்னு கீழ சின்ன எழுத்துல போட்டுருக்கான். நேரா எவன் பறக்குறான்? மதுரையில ஏறி, மும்பையில எறங்கி, அங்க கெடந்து, இங்க வந்து எறங்கி, இங்க கெடந்து, வீட்டுப்படி எறங்கி ரெண்டு நாள் ஆகப் போவுது. இல்லாத ஒரு விமானத்துக்கு நேரம் போட்டு எழுதி வச்சிருக்கான். இதே மாதிரி ஒருத்தன் முட்டை போடாத கேக்குன்னு எழுதி வச்சு வித்தான், கடையையே பூட்டுனேன்.

அந்தப் பொண்ணுகிட்ட உருண்டைப் படம் ஒண்ண காட்டச் சொன்னேன், உலக உருண்டை. மதுரையைப் புடிச்சு நேரா ஒரு ஊசியால குத்துனா மறுபக்கம் எங்க சார் வெளிய வரும்? கடல்ல வருது. பசிபிக் கடல்ல. அதுக்குக் கிட்டத்துல இருக்குற கரை எதுன்னு பாத்தா, இவுக இருக்குற கரை. அதுக்கு மேல கடல். கடல்ல வீடு கட்ட முடியாதுன்னு கரையில நிக்கிறாக. இத்தனைக்கும் காரணம் என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பேரு ஜோதிமுருகன். ஆட்டோ கம்பெனியில வேலை. நம்ம ஊர்ல ஓடுதே மூணு சக்கர ஆட்டோ, அதை வெளிநாட்டுல கொண்டு போய் விக்கிறது. லிமாவுல தெருவெல்லாம் நம்ம ஆட்டோதானாம். நல்ல சம்பளம், குடி கிடையாது, பீடி கிடையாது. அதையெல்லாம் பாத்துத்தான் கட்டிக் குடுத்தேன். ஒண்ணு மட்டும் பாக்காம விட்டேன் சார். நகத்தைப் பாக்காம விட்டேன். கல்யாணத்தன்னிக்கி மாலை மாத்தும்போதுதான் பாக்குறேன், சுண்டு விரல்ல நீளமா நகம் வளத்து வச்சிருக்கான். அது ஒண்ணுலயே எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு.

கல்யாணமான மொத வருஷம் அவருக்குக் கொழும்புல வேலை. மதுரையிலருந்து ஏறுனா, சீட்டுல சாஞ்சு உக்காருறதுக்குள்ள எறங்கு எறங்குங்குறான். நான் மாசத்துக்கு ஒரு தடவை போயிருவேன். மக வீடாச்சே, பாத்துக்க வேண்டாமா? ஒரு தடவை மாப்பிள்ளையோட அப்பா அம்மாவும் வந்திருந்தாக. எம் மக வடிவு, சண்முகவடிவு, மாமனார் மாமியாருக்குன்னு மொதமொதல்ல மீன் குழம்பு வச்சிருந்துச்சு. விடிய எந்திரிச்சு, புளி கரைச்சு, மசாலா அம்மியிலயே அரைச்சு. நான் நேரா அடுப்படிக்குப் போனேன். மூடியைத் தொறந்தேன். மீன் தலையைக் கரண்டியால திருப்பிப் பாத்தேன். கண்ணு வெளுத்துப் போயி உள்ள குழிஞ்சு கெடக்கு.

அப்புறம் என்ன செய்வோம்? எங்க வேலையில ஒரு முறை இருக்கு சார். கெட்டதைச் சும்மா கீழ கொட்டக் கூடாது. நாம அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அள்ளி விப்பான். அதனால பினாயிலை ஊத்தணும். பினாயிலை ஊத்திட்டா மனுஷன் தொட மாட்டான், நாயும் தொடாது. முப்பது வருஷமா பையில ஒரு பாட்டில் இல்லாம நான் வெளிய எறங்குனதில்ல. கொழும்புக்கும் பெட்டிக்குள்ள துணியில சுத்திக் கொண்டு போயிருந்தேன், எவனும் பாக்கல. ஊத்துனேன். குழம்பு வெள்ளையா பொங்கிட்டு வந்துச்சு.

மாமனார்க்காரர் இலை முன்னால உக்காந்தபடியே இருந்தாரு. உண்மைய எதுத்து என்ன பேச முடியும்? வடிவு அந்தச் சட்டியைத் தூக்கிட்டுப் பின்பக்கம் போச்சு. ரொம்ப நேரம் கழுவிக்கிட்டு இருந்துச்சு. நான் போய்ப் பாத்து, "இன்னொரு தடவை சாம்பல் போட்டுத் தேயிம்மா, வாடை நிக்கும்"னு சொல்லிக் குடுத்தேன். தலைய ஆட்டுச்சு. சின்னதுலருந்தே அப்படித்தான் சார், எதுத்து ஒரு சொல் வராது. தங்கம்.

நாலஞ்சு மாசத்துல மாப்பிள்ளைக்கு மாத்தல். எங்க? நைஜீரியா. லாகோஸ்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? மீனுக்கும் மாத்தலுக்கும் என்ன சார் சம்பந்தம்? கம்பெனி மாத்துது, போறாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

லாகோஸ் போறதுக்கு மஞ்சக் காய்ச்சலுக்கு ஊசி போடணும். போட்டேன். அந்த ஊசி போடுற எடத்தைப் பாக்கணுமே, சுவரெல்லாம் வெத்தலை எச்சி. சொல்லவே கூசுது. இருந்தாலும் போட்டுக்கிட்டேன், மகளுக்காக. ரெண்டு விமானம் மாறிப் போய் எறங்குனேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் போக முடிஞ்சுது, ஆனா போனா ரெண்டு மாசம் இருந்துட்டுத்தான் வருவேன். விட்டுப்போனதையெல்லாம் ஒரே மூச்சுல சரி பண்ணணும்ல.

அங்க பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு, வடிவு மேல உசிரு. இது அந்த அம்மாவை ஆன்ட்டி ஆன்ட்டின்னு கட்டிப் புடிச்சுக்கும். மேல மேல ஒட்டிக்கிட்டு, வேர்வையோட. அந்த ரெண்டாந் தடவை நான் போயிருக்கும்போது, வடிவுக்கு நாள் தள்ளிப் போயிருக்குன்னு தெரிஞ்சு, அந்த அம்மா ஒரு பெரிய ஏனம் நிறையச் சோறு ஆக்கிக் கொண்டாந்துச்சு. செவப்பா, தக்காளிச் சோறு மாதிரி. மூடி இல்ல சார். ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கு. தெருவைத் தாண்டி மூடி இல்லாம வருது சாப்பாடு, அதுவும் வயித்துப் பிள்ளைக்காரிக்கு. நான் வாசல்லயே வாங்குனேன், அந்த அம்மா பாக்கும்போதே பினாயிலை ஊத்துனேன். மறைவா ஊத்துனா அவுகளுக்கு எப்படித் தெரியும் தப்புன்னு?

அந்த அம்மா வடிவோட கையைப் புடிச்சு என்னமோ கேட்டுச்சு. அந்த அம்மா போனதுக்கப்புறம் என்னையப் பாத்து, "நீங்க எப்பப்பா ஊருக்குப் போவீங்க?"ன்னு கேட்டுச்சு. பிரியம் சார். நான் போயிருவேனேங்குற கவலை அதுக்கு. "இன்னும் ஒரு மாசம் இருக்கேம்மா, பயப்படாத"ன்னு தலையத் தடவிக் குடுத்தேன். அன்னிக்கு ராத்திரி பூரா புருஷனும் பொண்டாட்டியும் ரூமுக்குள்ள குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருந்தாக. கதவுக்கு வெளிய நின்னு கேட்டும் ஒண்ணும் வெளங்கல.

தலைப்பிரசவம் யாரு வீட்டுல சார் பாக்குறது? உங்க பக்கமும் தாய் வீட்டுலதானே? நான் ஊருக்கு வந்து வீட்டை ரெடி பண்ணுனேன். சுண்ணாம்பு அடிச்சு, தரைய சோப்புத் தண்ணி விட்டுத் தேய்ச்சு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி ஒவ்வொரு வார்டா பாத்தேன். மூணு ஆஸ்பத்திரியில என்னைய உள்ள விட மாட்டேன்னுட்டான். நான் வேற எங்க சேக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், போன் வருது. மாப்பிள்ளைக்கு மாத்தலாம். லிமாவாம். பிரசவம் அங்கதானாம். அத்தையை அனுப்பி வைங்க, மூணு மாசம் இருந்துட்டு வரட்டும்னாரு. மாப்பிள்ளையே நேர்ல வந்தாரு கூட்டிட்டுப் போக. வந்தவருக்கு உக்காரக் கூட நேரமில்ல. நகத்தைப் பாத்தேன், வெட்டியிருந்தாரு. என்னையப் பாக்க வர்றதுக்கு முன்னால வெட்டியிருப்பாரு, வேஷம்.

என் வீட்டுக்காரி பேரு கோமதி. முப்பத்தஞ்சு வருஷம் எங்கூட வாழ்ந்தவ. விருதுநகரைத் தாண்டித் தனியாப் போனதில்ல. பயந்து அழுவான்னு பாத்தா, மதுரை ஏர்போர்ட்டுல உள்ள நொழைஞ்சவ திரும்பியே பாக்கல சார். "கைய கழுவிக்கிட்டே இரு"ன்னு கத்துறேன், காதுல விழல போல. வீட்டுக்கு வந்து பாத்தா சாமி ரூம்ல சுவத்துல வெறும் ஆணி மட்டும் இருக்கு. குலசாமி படத்தை எடுத்துட்டுப் போயிருக்கா. மூணு மாசத்துக்குப் போறவளுக்கு எதுக்குக் குலசாமி? பிரசவம் நல்லபடியா நடக்கணும்னு எடுத்திருப்பா. அவளுக்குப் பக்தி ஜாஸ்தி.

பிள்ளை பொறந்து ஏழு மாசமாச்சு சார். ஆம்பளப் பிள்ளை. நான் இன்னும் மொகத்தைப் பாக்கல. மொதல்ல ரெண்டு மூணு தடவை போன்ல பேசுனாக. பிள்ளையைக் காட்டச் சொன்னா தூங்குதும்பாக. அப்புறம் லைன் கெடைக்கல. வாட்ஸப்புல என்ன போட்டாலும் ஒரு டிக்கோட நிக்கிது. வடிவுக்கும் ஒரு டிக், கோமதிக்கும் ஒரு டிக். படம் இருக்குற எடத்துல சாம்பக் கலர்ல ஒரு வட்டம். என் போன் பழசுன்னு புதுசு வாங்குனேன். புதுசுலயும் ஒரு டிக்தான். அங்க டவர் அப்படி.

ஆனா பாருங்க, எங்க எதுத்த வீட்டு மாரியம்மா போன்ல மட்டும் எல்லாம் தெரியுது. போன மாசம் அது வந்து, "அண்ணாச்சி, மதினி எப்படி ஷோக்கா இருக்காக பாருங்க"ன்னு காட்டுச்சு. பாத்தேன் சார். கடற்கரையில பிளாஸ்டிக் சேர்ல கோமதி உக்காந்திருக்கா. சுடிதார் போட்டுருக்கா. மடியில ஒரு தட்டு. தட்டுல என்ன? பச்சை மீனு. வேகாத மீனு சார்! மாரியம்மா மகன்தான் சொன்னான், அந்த ஊர்ல அடுப்புலயே வைக்க மாட்டானாம். மீனை நறுக்கி எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு, வெங்காயத்தைத் தூவி அப்படியே திங்கிறதாம். கோமதி அதைக் கையில எடுத்து வாய்க்குக் கொண்டு போறா. எங்கிட்ட முப்பத்தஞ்சு வருஷம் வாழ்ந்தவ. வெள்ளரிக்காயக் கூட வெந்நீர்ல கழுவாம நறுக்க விட மாட்டேன் நான். அவ பச்சை மீனைத் திங்கிறா, தின்னுக்கிட்டுச் சிரிக்கிறா. வாயத் தொறந்து, கண்ணெல்லாம் இடுங்கிப் போயி. அவளுக்குக் கடவாய்ப் பல்லுக்குப் பக்கத்துல ஒரு பல்லு இல்லைன்னு எனக்கு அன்னிக்குத்தான் சார் தெரியும்.

வாந்தி எடுத்தேன். சத்தியமா. வாய் கொப்பளிச்சுட்டு வந்து நெனச்சுப் பாத்தேன். கட்டாயப்படுத்தியிருக்காக. சிரின்னு சொல்லிப் படம் எடுத்திருக்காக. வேற என்ன?

மறுநாளே மெட்ராஸ்க்கு வண்டி ஏறி மாப்பிள்ளையோட கம்பெனிக்குப் போனேன். வரவேற்புலயே உக்காந்துட்டேன், அட்ரஸ் குடுக்காம போக மாட்டேன்னுட்டேன். மறுநாள் சாயங்காலம் ஒரு தம்பி, ஜோதிமுருகனோட வேலை பாத்த தம்பியாம், பாவப்பட்டு அட்ரஸை எழுதிக் குடுத்தான். குடுத்துட்டு ஒண்ணு சொன்னான் பாருங்க. "லிமாவுக்கு யாருமே போக மாட்டேன்னாங்க சார், உங்க மருமகன்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடி லாகோஸும் அப்படித்தான். மேடம்தான் மேப்பைப் பாத்து எடம் சொன்னாங்களாம், சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு"ன்னான்.

மேடமாம். எம் மகளாம். பழிய யாரு மேல போடுறான் பாருங்க. வடிவு பத்தாங்கிளாஸ்ல புவியியல்ல முப்பத்தஞ்சு மார்க்கு. அதுக்கு உலக மேப்புல இந்தியாவையே காட்டத் தெரியாது. இது பூரா அந்தச் சுண்டு விரல் நகக்காரனோட வேலை. எம் மகளை எங்கிட்டருந்து பிரிக்கணும், அதுக்குத்தான் கொழும்பு பத்தல, லாகோஸ் பத்தலன்னு ஓடுறான். வடிவுக்கு அப்பான்னா எவ்வளவு பிரியம்னு அவனுக்குத் தெரியும்ல.

வடிவு பள்ளிக்கூடத்துல படிக்கும்போது நடந்த ஒரு சங்கதி சொல்றேன். வாசல்ல ஒரு கிழவன் தள்ளுவண்டியில ஜவ்வு மிட்டாய் விப்பான். ஒரு நாள் வடிவு அதை வாங்கிக் கையில வாட்ச் மாதிரி கட்டிக்கிட்டு நக்கிக்கிட்டு வருது. நான் விடுவேனா? மறுநாள் ஜீப்புல போய் வண்டியோட மிட்டாய் பூராத்துலயும் ஊத்துனேன். பள்ளிக்கூடமே சுத்தி நின்னு பாத்துச்சு. வடிவும் நின்னுச்சு. அதுலருந்து எம் மகளுக்குப் பேரே பினாயில்தான். பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் பினாயில் வடிவு, பினாயில் வடிவுன்னுதான் கூப்பிடுவாக. ஒரு வாத்தியார்கூட அதுகிட்ட வாலாட்டுனதில்ல. அப்படி ஒரு மரியாதை வாங்கிக் குடுத்திருக்கேன்.

இப்ப கையில பாட்டில் இல்ல. மதுரையிலயே புடுங்கிட்டான், பினாயில் கொண்டு போகக் கூடாதாம். ஒரு மூடி மட்டும் ஊத்திக் குடுங்கன்னேன், சிரிக்கிறான். பிளீச்சிங் பவுடரையும் புடுங்கிட்டான். இந்தா, பையில இருக்குறது பேரனுக்கு வெள்ளி அரைஞாண்கொடி. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துத்தான் சுத்தி வச்சிருக்கேன்.

என்ன சார்? வந்து கூட்டிட்டுப் போறதுக்கு ஆள் வருமான்னா? யாருக்கும் சொல்லல சார் நான் வர்றேன்னு. சொல்லிட்டு இன்ஸ்பெக்ஷனுக்குப் போனவன் உண்டா? சொன்னா எல்லாத்தையும் கழுவி வச்சிருவான். சொல்லாம போய்க் கதவைத் தட்டணும். அப்பத்தான் எது எது எப்படி இருக்குன்னு தெரியும்.

போயி என்ன செய்யப் போறேனா? போயி… வேற என்ன செய்யட்டும்? அந்த வீட்டுல நான் மட்டும் இருக்கேன் சார். அவ்வளவு சுத்தம். தரையில மொகம் தெரியும். முன்னாடியெல்லாம் குளிக்கிற ரூம்ல தண்ணி போற ஓட்டையில கோமதி தலைமுடி அடைச்சிக்கும். அருவருப்பா இருக்கும், குச்சியால எடுத்து அவ மொகத்துக்கு நேரா நீட்டுவேன். இப்ப ஓட்டை பளிச்சுன்னு இருக்கு. போன வாரம் பீரோவை நகத்திக் கூட்டும்போது ஒரு முடி கெடைச்சுது. நீளமா, பாதி நரைச்சு. குப்பையில போடல. ஒரு காகிதத்துல சுருட்டிச் சட்டைப் பையில வச்சிருக்கேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அது சுத்தமில்லதான்.

சார், ஒரு உதவி. என் சிம்மு இங்க வேலை செய்யல. உங்க போன்ல வாட்ஸப்புல ஒரு கால் போட்டுக் குடுங்க. அங்க இப்ப காலைச் சாப்பாட்டு நேரம். நான் பேச மாட்டேன், நீங்களே பேசுங்க. வீட்டுல இருக்காகளான்னு மட்டும் தெரிஞ்சா போதும். ஓட்டலுக்குப் போறதுக்கு முன்னால ப்யூனை விட்டுக் கடை தொறந்திருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லுவேன், அது மாதிரி. எடுத்தாகன்னா ராங் நம்பர்னு சொல்லி வச்சிருங்க. இந்தாங்க வடிவு நம்பர். குடுங்க, மொதல்ல திரையத் தொடைச்சுத் தர்றேன், ஒரே கைரேகை. ஸ்பீக்கர்ல போடுங்க.

அடிக்கிது. அடிக்கிது சார்! பாத்தீங்களா, உங்க போன்ல அடிக்கிது.

எடுத்துட்டாக. ஷ்ஷ்.

வடிவு சார். என்ன பாஷையில பேசுது… சிரிக்கிது. எப்படிச் சிரிக்கிது பாருங்க. பின்னால பிள்ளை கத்துது, கேட்டீங்களா? அதான் என் பேரன். என்ன சத்தம்! வாயில எதையோ வச்சுக்கிட்டுக் கத்துறான், வாயில என்னத்தக் குடுத்தாகளோ. அது யாரு பாட்டுப் படிக்கிறது? கோமதியா? கோமதிக்குப் பாட்டு வருமா?

வடிவு! அம்மாடி, நாந்தாம்மா. அப்பா. அப்பாதான் பேசுறேன். அங்கதாம்மா வந்துக்கிட்டு இருக்கேன், பாதி தூரம் வந்துட்டேன். நாளைக்கு… வடிவு? அந்த மீனைத் திங்காதீகம்மா. அம்மாகிட்ட குடு. வடிவு? கேக்குதா? பாட்டு நின்னுருச்சே. வடிவு?

கட் ஆயிருச்சு.

டவர்தான். நான் சொல்லல? இன்னொரு தடவை போடுங்க. போடுங்க சார், ஒரே ஒரு தடவை. என்ன, அடிக்கலையா? வாட்ஸப்புல ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க. படம் தெரிஞ்சுச்சே இப்ப, பிள்ளை படம், எங்க போச்சு அது? சாம்பக் கலர் வட்டமாயிருச்சே. எத்தன டிக்கு? ஒண்ணா?

உங்க போன் புதுசுதானே?

சரி விடுங்க. ஒண்ணுமில்ல. உங்க போனையும் கெடுத்துட்டேன் போல, மன்னிச்சுக்கோங்க. பரவால்ல. அட்ரஸ் இருக்கு எங்கிட்ட. நாளைக்குக் கதவைத் தட்டத்தானே போறேன். வீடு பூட்டியிருந்தா வாசல்ல உக்காருவேன், எனக்கு உக்காந்து பழக்கம். எங்க சார் போயிருவாக? இருக்குறதுலயே தள்ளிப் போயி உக்காந்தாச்சு. இனி அங்கருந்து எந்தப் பக்கம் கெளம்புனாலும் நம்ம ஊருக்குக் கிட்டக் கிட்டத்தான் வந்தாகணும். உருண்டை சார் அது. அந்தப் பொண்ணு காட்டுச்சு, நான் என் கண்ணால பாத்தேன். அதுக்கு மேல கடல். வெறும் கடல்.

என்ன பாக்குறீங்க போன்ல? மேப்பா? ஆமா, இதான் லிமா. இதான் கரை. இந்தப் பக்கம் பூரா நீலம், பாத்தீங்களா, ஒண்ணும் கெடையாது.

இது என்ன நடுவுல? அழுக்கு. இப்பத்தானே தொடைச்சேன். இருங்க, கைக்குட்டை இருக்கு.

போக மாட்டேங்குதே. தொடைச்சா கூடவே நகருது.

தீவா?

அந்தக் கடல்லயா? அம்புட்டுத் தூரத்துலயா?

அங்க ஏர்போர்ட் இருக்கா சார்?